மோட்டாரைக் கழற்றி இன்ஜினை மாட்டினால்... அவ்வளவுதானா?



ப்ராஜெக்ட் வைவா அன்றைக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மேஜை மேல் எங்கள் விமானம். இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஒன்றே முக்கால் மீட்டர். தலைகீழாகப் பறக்கும், குட்டிக்கரணம் போடும், செங்குத்தாக ஏறும்... சாகசத்துக்கென்றே செய்த மாடல் அது. மூக்கில் 20 சிசி பெட்ரோல் இன்ஜின். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் மேஜையை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டுக் கேட்டார்:

“ஊரே எலெக்ட்ரிக்குக்கு மாறிக்கிட்டிருக்கு. நீங்க எலெக்ட்ரிக்ல ஓடினதை பெட்ரோலுக்கு மாத்தியிருக்கீங்க. இது முன்னேற்றமாப்பா, பின்னேற்றமா?”

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். நான்தான் வாயைத் திறந்தேன். “பவர் அதிகமா கிடைக்கும் சார்...”

அது தப்பான பதில்! மனுஷர் சிரித்துக்கொண்டே மார்க் போட்டுவிட்டுப் போய்விட்டார். சரியான பதில் எனக்கு ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தது. அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

முதலில், ஏன் மாற்றினோம்? பெரிய லட்சியமெல்லாம் இல்லை தோழர்களே. காசு இல்லை! மாடல் விமானம் பறக்கவிடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், “பேட்டரி உப்பிப்போச்சு தம்பி, எடுத்துக்கிட்டுப் போங்க” என்று இந்த விமானத்தைக் கொடுத்தார். லித்தியம் பாலிமர் பேட்டரி உப்பினால் அதோடு கதை முடிந்தது. மறுபடி சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும். புது பேட்டரி வாங்க நாலு பேர் பாக்கெட் மணியும் சேர்ந்தாலும் எட்டவில்லை. அவர் வீட்டுப் பரணில் பழைய 20 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒன்று அட்டைப்பெட்டியில் கிடந்தது. அதையும் கொடுத்தார். பெட்ரோல் பங்கில் அரை லிட்டர்கூடப் பிடிக்கலாம் அல்லவா? அதுதான் எங்கள் கணக்கு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அதற்கு முன்னால் நாங்களும் ரெடிமேடு ப்ராஜெக்ட் விற்கிற கடைக்குப் போய் விலை கேட்டோம். ரிப்போர்ட்டும் சேர்த்தே தருகிறார்கள். திருப்புளிகூடப் பிடிக்க வேண்டாம்! விலைதான் எங்களைக் காப்பாற்றியது.

இப்போது “பவர் அதிகம்” என்ற என் பதிலுக்கு வருவோம். பழைய மோட்டார் முழு வேகத்தில் 22.2 வோல்ட்டில் 80 ஆம்பியர் இழுக்கும். பெருக்கிப் பாருங்கள், 1,776 வாட். புது இன்ஜின் காகிதத்தில் இரண்டரை குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்றால் 1,865 வாட். எங்கே அதிகம்? கிட்டத்தட்ட சமம்தான்!

அப்படியானால் பெட்ரோலில் என்ன லாபம்? 5,000 மில்லி ஆம்பியர் அவர் கொண்ட அந்த பேட்டரியில் அடங்கியிருந்தது 111 வாட் அவர். அதாவது 4 லட்சம் ஜூல். எடை 760 கிராம். கால் லிட்டர் பெட்ரோலின் எடை 185 கிராம்தான். அதற்குள் இருப்பதோ சுமார் 80 லட்சம் ஜூல். இருபது மடங்கு! ஆனால் உடனே கைதட்டிவிடாதீர்கள். சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பெரும் வீண்செலவுக்காரன். சூடாகவும் புகையாகவும் சத்தமாகவும் கொட்டிவிட்டு, எட்டில் ஒரு பங்கை ஷாஃப்டுக்குக் கொடுத்தாலே பெரிது. மோட்டார் அப்படியில்லை, வாங்கியதில் முக்கால் பங்குக்கு மேல் வேலையாகத் திருப்பிக் கொடுக்கும். கடைசியில் கையில் நிற்பது மூன்று மடங்கு. ஆக பெட்ரோலில் கிடைப்பது பவர் அல்ல, நேரம். அதிக நேரம் பறக்கலாம், இறங்கியதும் ஊற்றிக்கொண்டு மறுபடி ஏறலாம். அவ்வளவுதான்.

அந்த நேரத்துக்கு என்ன விலை கொடுத்தோம் தெரியுமா?

மோட்டாரைக் கழற்றினோம். கூடவே அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி என்ற சர்க்யூட்டையும் கழற்றினோம். ரிமோட்டை ஆன் செய்தால் விமானம் பிணம் மாதிரி கிடக்கிறது. ஒரு சர்வோகூட அசையவில்லை! அரை நாள் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்த பிறகு எலெக்ட்ரிக்கல் நண்பன் வந்து தலையில் அடித்துக்கொண்டான். “டேய், ரிசீவருக்கும் சர்வோவுக்கும் அஞ்சு வோல்ட் கொடுத்துக்கிட்டிருந்ததே அந்த ஈஎஸ்சிதாண்டா!” ஓட்டுகிற வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்த பெட்டி, சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதனால் ரிசீவருக்குத் தனி பேட்டரி. ஸ்பார்க் கொடுக்க இக்னிஷன் யூனிட், அதற்கு இன்னொரு பேட்டரி. த்ராட்டிலைத் திறக்க ஒரு சர்வோ. அதன் கம்பி உலோகமாக இருக்கக்கூடாது. ஸ்பார்க்கின் இரைச்சல் அது வழியாக ரிசீவருக்குப் போகாமல் இருக்க நைலான் கம்பி. ஒரு டேங்க். நாங்கள் முதலில் வாங்கிய சிலிக்கான் ட்யூப் பெட்ரோலில் ஊறி உப்பிவிட்டது, பெட்ரோலுக்கென்று உள்ள ட்யூபைத் தேடி அலைந்தோம். பழைய புரொப்பெல்லரும் உதவாது. மோட்டாருக்கு வார்த்த மெல்லிய புரொப்பெல்லரை இன்ஜினில் போட்டால் அதிர்ச்சியில் உடைந்து முகத்துக்கு வரும். மூக்கு மூடியில் காற்று நுழைய ஓட்டை போட்டால் மட்டும் பத்தாது, சூடான காற்று வெளியேற அதைவிட இரண்டு மடங்காவது பெரிய வழி வேண்டும்.

இதையெல்லாம் தராசில் வைத்தோம். கழற்றியது: மோட்டார் 400 கிராம், ஈஎஸ்சி 120, பேட்டரி 760. மொத்தம் 1,280. மாட்டியது: சைலன்சரோடு இன்ஜின் 750, இக்னிஷன் 120, இரண்டு பேட்டரி 220, டேங்க் 60, பெட்ரோல் 185, சர்வோ 45, பிளைவுட், பசை, போல்ட் 110. மொத்தம் 1,490. வித்தியாசம் 210 கிராம்தானே என்று சந்தோஷப்பட்டோம்.

ஆனால் எடை எவ்வளவு என்பதைவிட, எடை எங்கே என்பதுதான் கேள்வி!

முதலாமாண்டு மெக்கானிக்ஸ் வகுப்பில் மொமென்ட் நடத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? “இதெல்லாம் எதுக்குடா” என்று கடைசி பெஞ்சில் முணுமுணுத்தவன் நான்தான். அதே நோட்டைத் தூசி தட்டி எடுத்தேன். விமானத்தின் சமநிலைப் புள்ளியிலிருந்து மூக்கு 35 சென்டிமீட்டர் முன்னால். அங்கே மோட்டாரைவிட 350 கிராம் கூடுதல், ஆக 12,250. இக்னிஷன் 120 கிராம் 25 சென்டிமீட்டரில், 3,000. பிளைவுட் வகையறா 110 கிராம் 28 சென்டிமீட்டரில், 3,080. இதெல்லாம் மூக்கைக் கீழே இழுக்கும். புள்ளிக்கு 15 சென்டிமீட்டர் முன்னால் இருந்த பழைய பேட்டரி போய்விட்டது, அதனால் 11,400 கழிகிறது. மிச்சம் 6,930. சின்ன பேட்டரிகள் இரண்டையும் வாலை நோக்கி முப்பத்தொன்றரை சென்டிமீட்டர் பின்னால் தள்ளினால் சரியாகப் போகும்! தள்ளினோம். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினோம். படுத்த மட்டத்தில் அப்படியே நின்றது தோழர்களே! டேங்க்கை மட்டும் நேராகப் புள்ளியின் மேலேயே வைத்தோம். ஏனென்றால் பேட்டரி காலியானாலும் எடை குறையாது, டேங்க் காலியாகக் காலியாக எடை மாறும்.

இத்தனையும் செய்து முதல் முறை இன்ஜினை ஓட்டினோம். பத்து நிமிஷம். நிறுத்திவிட்டுப் பார்த்தால் மூக்கில் இன்ஜினைத் தாங்கும் பிளைவுட் பலகையின் ஓரத்தில் மயிரிழை விரிசல். மோட்டார் வழுக்கிக்கொண்டு சுற்றும். ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிக்கும். நிமிஷத்துக்கு 7,000 சுற்று என்றால் செகண்டுக்கு நூற்றுப் பதினாறு சம்மட்டி அடி! பலகை என்ன செய்யும் பாவம்? மூலைகளில் கட்டை கொடுத்து, எபாக்சியில் ஒட்டி, பெட்ரோல் ஊறாமல் மேலேயும் எபாக்சி பூசி, மறுபடி ஆரம்பித்தோம். வானத்தில் விட்டுப்போகாமல் தரையிலேயே விட்டுப்போனதற்கு நன்றி சொன்னோம்.

இந்த இடத்தில்தான் சாமுவேல் லாங்லி எனக்குப் புரிந்தார். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவராக இருந்த விஞ்ஞானி. 1896-ல் ஆளில்லாத நீராவி மாடல் விமானத்தைப் பறக்கவிட்டவர். பிறகு பெட்ரோலுக்கு மாறினார். 1901 ஜூன் மாதம் அவருடைய கால் அளவு மாடல் பெட்ரோல் இன்ஜினில் பறந்தது. அதாவது ரைட் சகோதரர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பெட்ரோல் மாடல் விமானம் பறந்துவிட்டது! அதற்குப் பிறகு ஆள் ஏறும் முழு அளவு விமானத்துக்கு 52 குதிரைத்திறன் இன்ஜின் செய்தார்கள். அந்தக் காலத்துக்கு அப்படி ஓர் இன்ஜின் அதிசயம். ஆனால் 1903 அக்டோபரிலும் டிசம்பர் 8-ந் தேதியும் விமானம் ஏவிய உடனே போடோமாக் ஆற்றில் விழுந்தது. இன்ஜினை யாரும் குற்றம் சொல்லவில்லை. விமான உடம்பின் வலுவும் ஏவிய விதமும்தான் பழி வாங்கிக்கொண்டன.

ஒன்பதே நாள் கழித்து, டிசம்பர் 17-ந் தேதி, ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். அவர்கள் இன்ஜின் வெறும் 12 குதிரைத்திறன்! ஆனால் இறக்கை, புரொப்பெல்லர், இன்ஜின் எல்லாம் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தது. அந்த இன்ஜினைச் செய்தது யார்? அவர்கள் சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஆறு வாரம். நம் வொர்க்ஷாப்பில் இருப்பது அதைவிடக் குறைவா, சொல்லுங்கள்?

சார்லி டெய்லரைப் பற்றிப் படித்தபோது எனக்கு வேறொரு ஆள் ஞாபகம் வந்தார். அதைச் சொல்லத்தான் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

எங்கள் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். முழு வேகத்தில் அலறும். குறைத்தால் செத்துவிடும், திடீரென்று த்ராட்டில் திறந்தால் இருமிவிட்டு நிற்கும். ஒன்பது நாள் போராடினோம். பிளக் மாற்றினோம், எண்ணெய்க் கலவை மாற்றினோம், ஸ்க்ரூவை இப்படியும் அப்படியும் திருப்பினோம். அந்த கார்பரேட்டரில் மொபெட்டில் இருப்பதுபோல மிதவைக் கிண்ணம் கிடையாது. கிரேங்க் கேஸில் ஏறி இறங்கும் அழுத்தமே ஒரு மெல்லிய டயஃப்ரத்தை ஆட்டி பெட்ரோலை இறைக்கும். அதனால்தான் தலைகீழாகத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும். மரம் அறுக்கிற மெஷினிலும், புல் வெட்டுகிற மெஷினிலும் இதே வகைதான்.

புல் வெட்டுகிற மெஷின்...! அந்த மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு தென்னந்தோப்பு தென்னந்தோப்பாகக் கூலிக்குப் போகிறவர் என் அப்பா.

மூன்று வருஷமாக நண்பர்களிடம் “அப்பா விவசாயம்” என்றுதான் சொல்லி வந்தேன். எங்களுக்கு நிலம் கிடையாது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்த பிறகு அவரை இங்கே கூப்பிட எனக்குக் கூச்சம். ஒன்பது நாளும் அந்தக் கூச்சத்தில்தான் வீணாகப் போனது. பத்தாவது நாள் வாயை விட்டுச் சொன்னேன். நண்பர்கள் திட்டினார்கள், “இத்தனை நாளா ஏண்டா சொல்லலை?” என்று.

சனிக்கிழமை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். வொர்க்ஷாப் வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். நம் இன்ஸ்ட்ரக்டர் ஓடி வந்து, “ஐயா, இங்க கால்ல செருப்பு இல்லாமத்தான் வரக்கூடாது. வாங்க” என்று அழைத்துப் போனார். அப்பா இன்ஜினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இதென்ன சாமி, நம்ம புல்லு வெட்டற மிசினு கார்பரேட்டராட்டவே இருக்குது?”

கழற்றினார். டயஃப்ரத்தை விரலால் தொட்டார். “பெட்ரோல உள்ளயே உட்டு வெச்சா தோலு வெறச்சுப் போயிரும். இதெப்படி மூச்சு உடும்?” தன் பையிலிருந்து மாற்று டயஃப்ரம் எடுத்தார். பொருந்தியது! விமானத்தைக் கம்பத்தில் கட்டி ஸ்டார்ட் செய்தோம். நான் ஸ்க்ரூவில் கை வைக்கப் போனேன். “சூடாகட்டும். பச்ச மிசின்ல திருப்புளி வெக்கக் கூடாது” என்றார். மெதுவேகத்துக்கான எல் ஸ்க்ரூவை முதலில் சரி செய்தார். பிறகு எச் ஸ்க்ரூ. மூட மூட சத்தம் கூர்மையாக ஏறியது. உச்சிக்குப் போனதும் இம்மியளவு திரும்பத் திறந்தார். “உச்சியிலயே நிறுத்துனா கேக்க நல்லா இருக்கும், பிஸ்டன் பிடிச்சுக்கும்.” பெட்ரோல் குறைந்த வறண்ட கலவை பிஸ்டனை எரிக்கும் என்று நாம் ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோமே, அதேதான். அவர் காதால் படித்திருக்கிறார்!

விமானம் பறந்தது தோழர்களே. அந்தப் பெரியவர்தான் ரிமோட்டைப் பிடித்தார். ஆட்கள் இல்லாத மைதானம், அனுமதிக்கப்பட்ட வான்பகுதிதானா என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டுதான் போனோம். சிக்னல் போனால் இக்னிஷன் தானாக அணையும்படியும் செய்திருந்தோம். மோட்டார் தானாக நின்றுவிடும், இன்ஜின் சொன்னால்தான் நிற்கும். பதினோரு நிமிஷம். இரண்டு லூப், தலைகீழாக ஒரு நீண்ட ஓட்டம். இறக்கிவிட்டு உள்ளதைச் சொன்னார். “நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா மோட்டார் மாதிரி சொன்ன உடனே பாயலை, தரையிறங்கும்போது கனம் தெரியுது.” உண்மைதான். துல்லியமான சாகசப் போட்டிகளில் இன்று பெரும்பாலோர் எலெக்ட்ரிக்தான் ஓட்டுகிறார்கள்.

ஆகவே எக்ஸாமினர் ஐயா, என் பதில் இதுதான். விமானத்துக்கு இது முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றைப் பெற்றோம், ஒன்றை இழந்தோம். எங்களுக்கு முன்னேற்றம்! ஒரு பாகத்தை மாற்றினால் அந்த ஒன்று மட்டும் மாறுவதில்லை; எடை, அதிர்வு, சூடு, கரண்ட், பாதுகாப்பு எல்லாமே மாறுகின்றன என்பதை எந்த ரெடிமேடு ப்ராஜெக்டும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காது. நாளைக்கு ஊரில் பெட்ரோல் வண்டியை எலெக்ட்ரிக்காக மாற்றும் வேலை நம் கைக்கு வரும். அப்போதும் இதே கணக்குதான், திசைதான் வேறு.

தம்பிமார்களே, தங்கைகளே! அடுத்த வருஷம் நீங்கள் ப்ராஜெக்ட் செய்யும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஸ்பேனரை எடுக்கும் முன்னால் பேனாவை எடுங்கள், கணக்குப் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். கடைக்குப் போகும் முன்னால் வீட்டுக்குப் போங்கள். தறி ஓட்டுகிற அம்மா, பம்ப் செட் பார்க்கிற மாமா, லாரி ஓட்டுகிற சித்தப்பா... நம் சிலபஸில் பாதி அவர்கள் கையில் இருக்கிறது. மீதிப் பாதி நம் நோட்டில் இருக்கிறது. ஏன் ஓடுகிறது என்று அப்பாவுக்குத் தெரியாது, டயஃப்ரம் படம் வரைந்து நான்தான் சொன்னேன். எப்படி ஓட்டுவது என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டாமா?

கடைசியாக ஒரு திருத்தம். எங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் நன்றியுரைப் பக்கத்தை சீனியர் ரிப்போர்ட்டைப் பார்த்து அப்படியே டைப் அடித்தோம். முதல்வர், துறைத் தலைவர், வழிகாட்டி, ஆய்வகப் பணியாளர்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். கார்பரேட்டரைச் சரி செய்தவர் இல்லை. பைண்டிங் முடிந்துவிட்டது, இனி சேர்க்க முடியாது. இந்த மலர் அச்சுக்குப் போகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா புல் வெட்டும் கூலித் தொழிலாளி. எங்கள் இன்ஜினை ஓட வைத்தவர் அவர்தான்.

— மூன்றாமாண்டு மாணவன், மெக்கானிக்கல் துறை